300 போதாதா, இல்லை கண் போதாதா? கொழும்பு ஈரநிலங்களில் படம் எடுக்கிறவர்களிடம் ஒரு கேள்வி

அத்திடியக்_கொக்கு:

எல்லாருக்கும் வணக்கம். கையில் இருப்பது 24 மெகாபிக்சல் குறோப் சென்சர் கமராவும் ஒரு 70–300 லென்ஸும். 300இல் லென்ஸ் திறக்கிற அளவு எஃப்/5.6. சனி ஞாயிறு காலமையில் தலங்கம, பெத்தகான, தியசரு, சில நாள் பேர வாவிக் கரை. இதுதான் என் சுற்று.

படங்கள் ஷார்ப்பாகத்தான் வருகின்றன. கண்ணில் ஃபோகஸ் விழுகிறது, இறகை எண்ணலாம். ஆனால் பார்த்தால் பறவைக் கையேட்டில் ஒட்டுகிற படம் மாதிரி இருக்கிறது. கொக்கு நிற்கிறது, அவ்வளவுதான். அடுத்த கிழமையும் கொக்கு நிற்கிறது.

தவணைக்கு ஒரு 150–600 லென்ஸ் எடுக்கலாமோ என்று யோசனை. கேட்டால் எல்லாரும் "கமரா பெரிசில்லை தம்பி, கண்தான் பெரிசு" என்கினம். சரி, அந்தக் கண் அப்படி என்னத்தைச் செய்யுது? தத்துவம் வேண்டாம். முழங்காலை எங்கே வைக்கிறது, எத்தனை மணிக்கு வைக்கிறது என்று சொல்லுங்கோ.


ஈரநிலவாசி:

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம், தவணை பிறகு.

குறோப் சென்சரின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ., உயரம் 15.6. 300 மி.மீ. லென்ஸில் 20 மீற்றர் தூரத்தில் உங்கள் சட்டகத்துக்குள் வருவது 1.57 மீற்றர் அகலம், 1.04 மீற்றர் உயரம். சின்ன வெள்ளைக் கொக்கு நிமிர்ந்து நின்றால் 60 செ.மீ. அதாவது சட்ட உயரத்தில் பாதிக்கு மேல் கொக்கே நிரப்பிவிடும். வெண்மார்பு மீன்கொத்தி 28 செ.மீ.; 10 மீற்றரில் சட்டம் 78க்கு 52. அங்கேயும் பாதி. நீங்கள் போகிற இடங்களில் நடைபாதையை ஒட்டியே பறவைகள் ஆட்களுக்குப் பழகிப்போய் நிற்கின்றன. ஆகவே "எட்டவில்லை" என்பது உங்கள் நோய் இல்லை. இன்னும் பெரிதாக வேண்டும் என்றால், 24 மெகாபிக்சல் என்பது 6000க்கு 4000. ஏ3 அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சடிக்க 4960க்கு 3508 போதும். கொஞ்சம் வெட்டவும் இடமிருக்கிறது.

நோய் பெரும்பாலும் பின்னணியில் இருக்கும். 10 மீற்றரில் மீன்கொத்தி, அதற்குப் பின்னால் 2 மீற்றரில் கோரைப்புல் என்று வையுங்கள். 300இல் எஃப்/5.6 என்றால் லென்ஸின் துவாரம் ஏறத்தாழ 54 மி.மீ. புல்லின் ஒவ்வொரு புள்ளியும் பறவையின் அளவோடு ஒப்பிட 9 மி.மீ. வட்டமாகத்தான் கரையும். புல் புல்லாகவே தெரியும், பறவை அதற்குள் சிக்கிக் கிடக்கும். அதே பறவை, அதே லென்ஸ். நீங்கள் நாலு அடி இடப்பக்கம் தள்ளி நின்று, பின்னணி 40 மீற்றரில் உள்ள எதிர்க்கரையாக மாறினால் அந்த வட்டம் 40 மி.மீ. ஆகிவிடும். புல் போய் நிறம் மட்டும் மிஞ்சும். இப்போது 600ஐ எஃப்/6.3இல் வைத்து, பழைய இடத்திலேயே நின்று, 2 மீற்றர் பின்னால் அதே புல்லோடு எடுத்துப் பாருங்கள்: வட்டம் 16 மி.மீ. நாலு அடி நகர்ந்தது 40 தந்தது, தவணை கட்டினது 16 தந்தது.

முழங்கால் கேட்டீர்கள். நின்றபடி எடுத்தால் கமரா தரையிலிருந்து ஒன்றரை மீற்றரில் இருக்கும். தண்ணீரில் நீந்தும் பறவையின் தலை 20 செ.மீ. உயரத்தில், 10 மீற்றர் தூரத்தில். உங்கள் பார்வைக் கோடு கீழ்நோக்கிச் சரிந்து பறவையைத் தாண்டி ஒன்றரை மீற்றரிலேயே தண்ணீரில் முட்டிவிடும். பின்னணி என்பது அந்தக் கலங்கல் தண்ணீர்தான். கமராவை 40 செ.மீ.க்கு இறக்கினால் கோடு 20ஆவது மீற்றரில் முட்டும். 25 செ.மீ.க்கு இறக்கினால் 50ஆவது மீற்றரில். முழங்கால் மடக்கினால் பாதி வேலை, திருப்புகிற திரையைத் திறந்து கமராவைத் தரைக்குக் கொண்டுபோனால் மீதி வேலை. பறவையின் கண் மட்டத்துக்கு வந்ததும் படம் உயிர் பெறுகிறது என்று சொல்வார்களே, அதில் பாதி இந்தச் சரிவுக் கணக்குத்தான்.

தரையில் வைக்கப் பயற்றம் பை ஒன்று தையுங்கள். ஜீன்ஸ் துணியில், இரண்டு கிலோ பயறு, மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்பவேண்டும். முட்ட நிரப்பினால் லென்ஸ் உருண்டு விழும். உமி நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். பாரம் இல்லை, ஆனால் கையை எடுத்ததும் லென்ஸ் தலை கவிழும்.

இன்னொன்று, இதை அநேகர் கவனிப்பதில்லை. தண்ணீருக்கு என்று ஒரு நிறம் கிடையாது, அது காட்டுவது எதிர்க்கரையின் நிறம். வெளிறிய வானம் விழுகிற இடத்தில் வெள்ளைக் கொக்கு நின்றால் இரண்டும் வெளிறிப் போகும். அதே கொக்கு இன்னும் பத்து அடி நடந்து, நிழலில் இருக்கும் மரத்தின் சாயல் விழுகிற இடத்துக்கு வரும்வரை காத்திருங்கள். அல்லது அதன் பின்னால் கறுப்பு வரும்வரை நீங்கள் நடவுங்கள். கொக்கு நடக்கிற திசை தெரிந்தால் அது போய்ச் சேர முன்னமே அந்தக் கறுப்புக்கு நேரே போய்க் குந்தியிருக்கலாம்.


சோளகம்:

ஈரநிலவாசி இடத்தைச் சொல்லிப்போட்டார், நான் நேரத்தைச் சொல்லுறன்.

கொழும்பு 7 பாகை வடக்கு. சூரியன் சரிவாக இல்லாமல் கிட்டத்தட்ட நேரே மேலே ஏறும். உதிச்சு ஒரு மணித்தியாலத்தில 14 பாகை, இரண்டு மணித்தியாலத்தில 28 பாகைக்குக் கிட்ட. ஐரோப்பாக்காரன் எழுதின புத்தகத்தைப் பார்த்து "பொன் வெளிச்சம் இரண்டு மணித்தியாலம்" எண்டு நம்பிப் போனால் ஏமாற்றம்தான். இங்க அது மொத்தமாய் ஒரு மணி, ஒண்டேகால் மணி. ஆறேகாலுக்கு இடத்தில குந்தியிருக்க வேணும், ஆறேகாலுக்கு வீட்டில தேத்தண்ணி குடிக்கிறது இல்லை. எட்டரைக்குப் பிறகு கறுத்த தார் றோட்டுக்கும் தண்ணிக்கும் மேலால சூட்டுக் காற்று நெளியத் தொடங்கும். அதுக்குப் பிறகு 60 மீற்றர் தூரத்துப் பறவை 600 மி.மீ. லென்ஸிலயும் பிசிறித்தான் வரும். பிழை லென்ஸில இல்லை, இடையில கிடக்கிற காற்றில.

அடுத்தது காற்று. பறவை காற்றுக்கு முகம் குடுத்துத்தான் கிளம்பும், காற்றுக்கு முகம் குடுத்துத்தான் இறங்கும். காற்று உங்கட முதுகில பட்டால் பறவை உங்களைப் பார்த்து எழும்பும். முகத்தில பட்டால் வால்தான் கிடைக்கும். வெயிலும் முதுகில, காற்றும் முதுகில. இரண்டும் ஒண்டாய்ச் சேருற நேரம் வருசத்தில மாறும். மார்கழி தொடக்கம் மாசி வரை வாடைக்காலம், காற்று வடகிழக்கு. விடியற்காலமை வெயிலும் கிழக்கில, காற்றும் அந்தப் பக்கம்தான். குளத்தின்ர கிழக்குக் கரையில நிண்டால் முழு வெளிச்சத்தோட உங்களை நோக்கி வரும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம், காற்று தென்மேற்கு. அப்ப காலமையில வெயில் ஒரு பக்கம், காற்று மற்றப் பக்கம். இறங்குற பறவை வெயிலுக்கு முதுகு காட்டும். அந்த மாதங்களில பின்னேரம் நாலரைக்குப் பிறகு மேற்குக் கரைக்குப் போங்கோ. "ஜூலையில எடுத்த பறக்கிற படம் ஒண்டும் சரிவரேல்லை" எண்டு கமராவைத் திட்டுற கனபேர் காலமைக்குப் போன ஆட்கள்தான்.

இனிப் பறவை. படம் எடுக்கிறவர் பாதி நேரம் கமராவை இறக்கி வைச்சுப்போட்டு பறவையைப் பார்க்கிறவராய் இருக்க வேணும். மீன்கொத்தியை எடுப்பம். அது ஒரு நாளில மூண்டு நாலு கொப்பையே திரும்பத் திரும்பப் பாவிக்கும். தண்ணிக்குள்ள பாயிறதைத் துரத்தினால் ஒரு செக்கனுக்கும் குறைஞ்ச வேலை. செக்கனுக்கு அஞ்சு படம் எடுக்கிற கமராவில இரண்டு மூண்டு சிதறல் படம் மிஞ்சும். பாய்ச்சலை விடுங்கோ. திரும்பி வந்து இருக்கிற கொப்பில முதலே ஃபோகஸைப் பிடிச்சு வையுங்கோ, ஷட்டர் வேகம் 1/2000 செக்கன், சட்டத்தில கொப்புக்கு முன்னால இடம் விட்டு. மீனோட வந்தால் உடன விழுங்காது, கொப்பில அடிச்சு அடிச்சுச் சாகடிக்கும். அந்த அடியில தலை பக்கவாட்டில போகும், தண்ணித் துளி தெறிக்கும். 1/500இல எடுத்தால் உடம்பு நிலையாய், மீன் மட்டும் கலங்கி வரும். எனக்கு அதுதான் 1/3200ஐ விடப் பிடிக்கும், அது அவரவர் விருப்பம். அடிச்சு முடிச்சு மீனின்ர தலை தன்ர தொண்டைப் பக்கம் திரும்பினால் தானே தின்னப்போகுது. தலை வெளிப்பக்கம் பார்த்தபடி பிடிச்சால் அது குஞ்சுக்கோ சோடிக்கோ கொண்டு போகப்போகுது. அப்ப பறக்கப்போகுது எண்டு அர்த்தம், ஷட்டரை ஏத்துங்கோ.

கொக்கு, நாரை கிளம்ப முதல் உடம்பை முன்னுக்குச் சாய்க்கும், கனதரம் எச்சமும் போடும். அந்த எச்சம்தான் உங்கட மணி. நீலத் தாழைக்கோழி தண்டை ஒரு காலால தூக்கி, கிளி மாதிரிப் பிடிச்சுக் கொறிக்கும். நடக்கிற தாழைக்கோழியை நூறு பேர் எடுத்திருக்கினம், காலில தண்டைப் பிடிச்சுப் பார்க்கிறதை எடுக்க இருபது நிமிசம் ஒரே இடத்தில இருக்க வேணும். நீர்க்காகம் செட்டையை விரிச்சுக் காயவைக்கிறது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது விரிச்ச உடன எடுத்துப்போட்டு ஓடாதேங்கோ. ரெண்டு நிமிசத்தில செட்டையை உதறும், அப்ப வெயில் எதிரில இருந்தால் ஒவ்வொரு துளியும் தனித்தனியாய் எரியும்.


மருதானை_நானா:

எல்லாரும் கண், கண் எண்டு சொல்றாங்க. கருவி தேவைப்படுற இடமும் இருக்கு, அதையும் நேராச் சொல்லோணும்.

தேன்சிட்டு 10 செ.மீ. தான். 10 மீட்டரில் 300 வெச்சா சட்டத்தில அஞ்சில ஒண்டு. பூவுக்குப் பக்கத்தில காத்திருந்து 4 மீட்டரில எடுக்கலாம், எல்லா இடத்திலயும் அது நடக்காது. யால, வில்பத்து மாதிரி தேசியப் பூங்காவில ஜீப்பை விட்டு இறங்க அனுமதி இல்லை. தூரத்தைத் தீர்மானிக்கிறது பாதை, நீங்க இல்லை. அங்க முழங்கால் கணக்கு ஓடாது. ஜன்னல் கட்டையில பயற்றம் பை, என்ஜின் ஓஃப், நீளமான லென்ஸ். வேற வழி இல்லை. என்ஜின் ஓடினா 1/1000இலயும் நடுக்கம் தெரியும்.

மீன்பிடிப் பூனை எடுக்க ஆசைப்பட்டா 300ம் உதவாது, 600ம் உதவாது. கொழும்பு ஈரநிலத்தில அது இருக்கு, ஆனா ராவில வரும். அதுக்கு கமராப் பொறி. 24 தொடக்கம் 35 மி.மீ. லென்ஸ், எஃப்/8, கையால ஃபோகஸ் பண்ணி டேப் ஒட்டணும், இல்லாட்டி தட்டுப்பட்டு நகரும். வெப்பம் உணர்ற சென்சர் ஒண்டு, ஃப்ளாஷ் ரெண்டு, ரெண்டும் பக்கவாட்டில 45 பாகையில, சக்தி 1/16. முழுச் சக்தியில வெச்சா பேட்டரியும் போகும், பூனையும் அந்தப் பாதையை விட்டுரும். சென்சரை வெயில் படுற இடத்துக்கு நேரே வெக்காதீங்க, சூடான இலை அசைஞ்சா அதுக்கே நூறு படம் எடுத்து வெச்சிருக்கும். பாதுகாக்கப்பட்ட இடம் எண்டா திணைக்களத்தில அனுமதி எடுக்காம கட்டவே கூடாது.

150–600 வாங்குறதுன்னா முன்னாடி ஒரு சனி ஞாயிறு வாடகைக்கு எடுங்க. ரெண்டு கிலோவுக்குக் கிட்ட பாரம். பத்து நிமிஷம் தூக்கிப் பிடிச்சா கை ஆடும், அதுக்குப் பிறகு நீங்க கீழ குந்தவே மாட்டீங்க, நிண்டுக்கிட்டேதான் எடுப்பீங்க. ஈரநிலவாசி சொன்ன கணக்கெல்லாம் அங்கயே முடிஞ்சுது. 600இல எஃப்/6.3, அதாவது ஆறேகால் மணிக்கு உங்க 300ஐ விட மூணில ஒரு ஸ்டொப் இருட்டு.

வாங்கிற காசில கொஞ்சத்தை ஈரப்பதம் பார்க்கிற அலுமாரிக்கு ஒதுக்குங்க. கொழும்புக் காத்தில லென்ஸ் பையிலயே கிடந்தா பூஞ்சணம் நிச்சயம். ஈரப்பதத்தை 40 வீதத்துக்கும் 50 வீதத்துக்கும் இடையில வெச்சா போதும். இன்னும் காயப் போட்டா ரப்பர், கிரீஸுக்கு நல்லதில்லை. அலுமாரி வாங்க ஏலாட்டி மூடி இறுக்கமான சாப்பாட்டுப் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும், ஒரு சின்ன ஈரமானியும். ஏசி அறையில இருந்து நேரா வெளிய எடுத்தா கண்ணாடி வேர்க்கும். பையைத் திறக்காம அரை மணித்தியாலம் வெளிக்காத்தில விடுங்க. துடைச்சா திரும்பத் திரும்ப வேர்க்கும், அதுக்குள்ள வெளிச்சம் போயிரும்.


அத்திடியக்_கொக்கு:

எல்லாருக்கும் நன்றி. காற்றுக் கணக்கு இதுவரை யாரும் சொல்லித்தரேல்லை. இரண்டு சின்னக் கேள்வி. ஒன்று, வெள்ளைக் கொக்கு எப்பவும் எரிந்து போகிறது, இறகே தெரிவதில்லை. மற்றது, இடம், நேரம், பின்னணி எல்லாம் சரி, "இது இன்னார் எடுத்த படம்" என்று தெரிகிற மாதிரி எப்படி வரும்? அதுக்கும் கணக்கு இருக்கோ?


கறுப்புவெள்ளை:

முதல் கேள்விக்குக் கணக்கு இருக்கிறது. கமராவின் அளவி சட்டம் முழுவதையும் நடுத்தர சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட தண்ணீரில் சின்னதாக ஒரு கொக்கு நின்றால் அது தண்ணீரைப் பிரகாசமாக்கும், கொக்கு எரியும். கமராவின் வெளிச்சத் திருத்தத்தை மைனஸ் 1இல் தொடங்கி வெயில் நேரே பட்டால் மைனஸ் 1.7 வரை போங்கள். கொக்கே சட்டத்தை நிரப்பினாலோ பின்னால் வெளிறிய வானம் இருந்தாலோ எதிர்ப்பக்கம்: பிளஸ் 0.7. நீர்க்காகத்துக்குப் பச்சைப் பின்னணியில் பிளஸ் 0.7. எரிந்த இடம் மினுங்குகிற எச்சரிக்கையைத் திரையில் போட்டு வையுங்கள், கொக்கின் முதுகில் ஒரு பொட்டு மினுங்கினால் ஒரு படி இறக்குங்கள். ரோ (RAW) என்கிற மூலக் கோப்பில் எடுங்கள், ஜேபெக்கில் போன வெள்ளை போனதுதான்.

இரண்டாவதற்கு வருவோம்.

கொழும்பு 7இல் லயனல் வென்ட் அரங்குக்கு நாடகம் பார்க்கப் போகிறவர்கள் பலருக்கு அந்தப் பெயருக்குரியவர் (1900–1944) நிழற்படக் கலைஞர் என்பது ஞாபகம் வருவதில்லை. அவர் காட்டுயிர் எடுத்தவர் அல்ல. ஆனால் இருட்டறையில் ஓரங்களைத் தலைகீழாக்கி, நெகட்டிவ்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, எது தெரியவேண்டும் எது மறையவேண்டும் என்று தானே முடிவெடுத்தவர். தமிழ்நாட்டுப் பக்கம் மா. கிருஷ்ணன் (1912–1996) யானை முதுகிலிருந்து, பல கமராக்களின் பாகங்களைப் பொருத்தித் தானே செய்துகொண்ட கமராவால், கறுப்பு வெள்ளையில் காட்டை எடுத்தார். இன்றைக்கு நாம் வைத்திருக்கிற எந்தக் கமராவுக்கும் அது ஈடாகாது. ஆனால் யானை எப்போது காதை விரிக்கும், ஏன் விரிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஷட்டரை அழுத்த முன் ஒரு வசனம் சொல்லுங்கள். "கொக்கு நிற்கிறது" என்பது வசனம் இல்லை, அது தகவல். "இந்தக் கொக்கு தன் சாயலைப் பார்த்துத் தயங்குகிறது", "இந்தக் கூழைக்கடாவுக்கு நகரம் ஒரு மரம்". இப்படி ஒன்று. வசனம் வந்ததும் லென்ஸ் தானே முடிவாகும்.

கூழைக்கடாவையே எடுப்போம். பேர வாவிக் கரையில் விளக்குக் கம்பத்தில் இருக்கிறது. 300இல் நெருக்கி எடுத்தால் அலகு, கண், பை. உலகத்தில் எங்கே எடுத்ததாகவும் இருக்கலாம். 18–55ஐ மாட்டுங்கள். 18இல் ஆறு மீற்றர் தூரத்தில் சட்டம் கிட்டத்தட்ட எட்டு மீற்றர் அகலம். பறவை ஆறில் ஒரு பங்கு. மிச்சத்தில் வாவி, பின்னால் தாமரைக் கோபுரம், கரையில் நகராமல் நிற்கிற பஸ். கோபுரத்தின் உச்சி பறவையின் தலையில் முட்டக்கூடாது. இரண்டுக்கும் இடையில் ஒரு கை அகல வானம் வரும்வரை நீங்கள் பக்கவாட்டில் நகரவேண்டும். இரண்டு அடி நகர்ந்தாலே கோபுரம் ஓடிவிடும். எஃப்/8, பறவையில் ஃபோகஸ், பின்னேரம் ஆறு மணிக்கு வானத்துக்கு அளவெடுத்து, பறவையை நிழலுருவாக விடுங்கள். இதற்குத் தவணை வேண்டாம், கமராவோடு பெட்டியில் வழக்கமாக வருகிற லென்ஸ்தான். 2018இல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் உலகின் முதல் ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகரிக்கப்பட்ட ஊர் இது. விலங்கும் தலைநகரும் ஒரே சட்டத்தில் கிடைக்கிற வாய்ப்பைவிட்டு, யாலவில் எடுத்த மாதிரி வரவேண்டும் என்று கொங்கிறீட்டை எல்லாம் வெட்டித் தள்ளுவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒழுங்கற்றதையும் வேண்டுமென்றே செய்யலாம். மாலையில் கொக்குக் கூட்டம் அடையப் போகும்போது 1/30 செக்கனில், கூட்டத்தோடு இடுப்பிலிருந்து திரும்பி எடுங்கள். கையால் மட்டும் திருப்பினால் மேலும் கீழும் ஆடும். இருபது எடுத்தால் ஒன்றிரண்டில் தலைகள் மட்டும் நின்று செட்டைகள் கோடாகும். மற்ற பதினெட்டும் குப்பை, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

பறவையின் உருவம் வாசிக்கப்படவேண்டும். அலகு புல்லை வெட்டக்கூடாது. இரண்டு காலுக்கும் இடையில் வெளிச்சம் தெரியவேண்டும். கழுத்து வளைவுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு இடைவெளி. தலை கமராப் பக்கம் கொஞ்சமே கொஞ்சம் திரும்பியிருக்கவேண்டும். எதிர்ப்பக்கம் அதே அளவு திரும்பினால் பறவை உங்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. பறக்கும்போது செட்டை மேலே அல்லது கீழே. நடுவில் தட்டையாக இருந்தால் குச்சி போலத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு பாதி வேலை இருக்கிறது. 400 படத்தை முழுத்திரையில் பெருப்பித்துக் கண்ணைத் தேடாதீர்கள். முத்திரை அளவுக்குச் சுருக்கி, ஒரு பார்வையில் உருவம் பிடிபடாததை எல்லாம் தள்ளுங்கள். மிஞ்சியதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் படம் விழுந்துவிட்டால் அதைத் தாங்கி நின்றது பறவையின் நீலம்தான், நீங்கள் இல்லை. எட்டு மிஞ்சினால் நல்ல காலமை. ஷார்ப்பாக இருக்கிறதே என்று ஒன்றையும் வைத்திருக்காதீர்கள், அந்தப் பழக்கம்தான் உங்கள் ஆல்பத்தைக் கையேடாக்கி வைத்திருக்கிறது.


கூட்டுக்குக்_கிட்டப்_போகாதே:

தம்பி, எல்லாரும் எப்படிக் கிட்டப் போறது என்று சொல்லிவிட்டார்கள். எங்கே நிற்கிறது என்று நான் சொல்கிறேன்.

நீளவால் தாமரைக்கோழி மிதக்கிற இலையில் முட்டையிடும். அடைகாப்பது ஆண்தான். நீங்கள் குந்தியிருந்து எட்டிப் பார்க்கிற நேரம் அது இறங்கிப் போனால் முட்டை நேர வெயிலில் கிடக்கும், காகம் பார்த்துக்கொண்டிருக்கும். பத்து நிமிஷம் போதும். பறவை தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால் அதுதான் எல்லை. இரண்டடி பின்வாங்குங்கள். அது திரும்பித் தின்னத் தொடங்கினால் அங்கேயே நில்லுங்கள். படமும் அப்போதுதான் வரும். உங்களைப் பார்த்து விறைத்து நிற்கிற பறவைதான் நீங்கள் சொன்ன கையேட்டுப் படம்.

கைத்தொலைபேசியில் கூவல் போட்டு அழைக்காதீர்கள். இனப்பெருக்க காலத்தில் அது இல்லாத எதிரியோடு சண்டைக்கு வந்து களைக்கும். மீன் துண்டு போட்டு எடுத்தால் படத்தின் கீழே அதை எழுதுங்கள். 2009இல் இலண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்காட்சியகப் போட்டியில் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கிய ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவெடுத்து 2010 ஜனவரியில் நீக்கப்பட்டது. 2017இல் அதே போட்டியில் ஒரு பிரிவில் வென்ற எறும்புண்ணிப் படம், அடுத்த வருடம், பஞ்சடைத்த உடலாக இருக்கக்கூடும் என்று முடிவாகி நீக்கப்பட்டது. இரண்டும் பார்க்க மிக நல்ல படங்கள். கூடு, முட்டை, குரங்கு தங்குகிற மரம் இவற்றின் படத்தைப் போடும்போது இடக்குறியை அழித்துவிட்டுப் போடுங்கள். தலங்கமவில் இருக்கிற ஊதாமுகக் குரங்கின் உள்ளினம் இந்த மேற்குத் தாழ்நிலத்துக்கு வெளியே கிடையாது, அருகிப்போகும் நிலையின் கடைசிப் படியில் இருக்கிறது.

ட்ரோன் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.


அத்திடியக்_கொக்கு:

அப்ப இந்தச் சனிக்கிழமை 600 இல்லை, பயறு இரண்டு கிலோ. தரையில் படுத்து எடுக்கலாமோ, அல்லது குந்தினால் போதுமோ?


ஈரநிலவாசி:

படுக்கவேண்டாம். தியவன்னா, பொல்கொட, வெரஸ் கங்கைப் பக்கத்துக் கால்வாய்களில் முதலை உண்டு. கண்ணைக் கமராவில் புதைத்துக்கொண்டு நீர்விளிம்பில் நீட்டிக் கிடப்பது வேண்டாத வேலை. விளிம்பிலிருந்து மூன்று மீற்றர் உள்ளே, பையைத் தரையில் வைத்து, திரையைத் திருப்பி, குந்தியபடி மேலிருந்து பாருங்கள். கமரா தாழ்ந்தால் போதும், நீங்கள் தாழவேண்டியதில்லை. காலில் வெட்டுக்காயம் இருந்தால் சேற்றில் இறங்கவே வேண்டாம், எலிக்காய்ச்சல். அடிக்கடி இறங்குகிறவர் என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேளுங்கள், தடுப்பு மாத்திரை பற்றிச் சொல்லுவார்.

இப்போது எந்த மாதம் என்று பார்த்துவிட்டுக் கரையைத் தெரிவுசெய்யுங்கள். பயறு வறுத்ததாக இருக்கட்டும். பச்சைப் பயறு ஈரம் பட்டால் பைக்குள் முளைவிடும்.